இரும்பும் நெருப்பும் கையும்: கட்டுக்கரைப் பிரதேசத்தின் ஊர்தியாக்க மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதனை ஆண்ட மன்னர்களையும், அங்கு நிகழ்ந்த போர்களையும், எழுந்த கோயில்களையும் முதற்கண் நோக்குவர். விளைந்த நெல்லைக் களத்திலிருந்து வீட்டிற்கும் சந்தைக்கும் சுமந்து சென்ற வண்டியை ஆக்கியவர் யார், அதற்கு வேண்டிய இரும்பு எங்கிருந்து வந்தது, அவ்விரும்பை இணைத்த நெருப்பு எவ்வாறு பெறப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மன்னார்ப் பெருநிலத்துக் கட்டுக்கரைப் பிரதேசத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் புறக்கணிக்கத் தக்கவையல்ல. நெல்லே வாழ்வாகிய அப்பிரதேசத்தில், பழைய இரும்பைத் தேடியெடுத்து வெட்டியும் காய்ச்சியும் இணைத்தும் இழுவைப் பெட்டிகளையும் ஊர்திகளையும் தாமே ஆக்கிக் கொண்ட மக்களின் உழைப்பு, எழுதப்படாத ஒரு வரலாறாகும்.

இத்தகைய ஆக்கங்களை விளக்குவோர், இல்லாமையே மனிதனுக்கு வித்தை கற்பிக்கின்றது எனப் பொதுவாகக் கூறி அமைவர். இவ்விளக்கம் நிறைவுடையதன்று. இல்லாமை உலகெங்கும் உண்டு. ஆக்கம் எங்கும் தோன்றுவதில்லை. பழைய இரும்பிலிருந்து ஓர் ஊர்தி பிறப்பதற்கு மூன்று பொருள்கள் ஒருங்கே வேண்டும். இரும்பு வேண்டும், அதனை உருக்கி இணைக்கும் நெருப்பு வேண்டும், அவ்விரண்டையும் ஆளத் தெரிந்த கை வேண்டும். இம்மூன்றும் கட்டுக்கரையில் எக்காலத்தும் ஒருசேரக் கிடைத்தனவல்ல. காலந்தோறும் ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்து வந்தது. அக்குறைவை மக்கள் எவ்வாறு ஈடுசெய்தனர் என்பதனையும், இன்று குறைந்து வருவது எது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் அதன் தேவையும்

கட்டுக்கரை என்னும் பெயரே 'கட்டப்பட்ட கரை' என்ற பொருளைத் தருவது. சிங்களத்தில் 'யோத வாவி' எனவும், ஆங்கிலேயரால் இராட்சதனின் குளம் எனப் பொருள்படும் பெயராலும் வழங்கப்பட்ட இக்குளம், அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணையில் மறித்துக் கால்வாய் வழியாகப் பெறுகின்றது. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு, அநுராதபுரத்தை ஊடறுத்து வந்து மன்னார் வளைகுடாவிற் கலப்பதாகும். வரலாற்றாசிரியர் சிலர் இக்குளத்தை 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்துவர். நெடுங்காலம் அழிந்து கிடந்த குளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியிற் புனரமைக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 24,000 ஏக்கர் வயல்நிலம், நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களின் வழியாக, இதன் நீரை நம்பியுள்ளது. உயிலங்குளம், அடம்பன், முருங்கன் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதி 'மன்னாரின் நெற்களஞ்சியம்' என அழைக்கப்படுவது பொருத்தமுடையதே.

இந்நிலத்தின் மண்ணும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. முருங்கன் பகுதியின் கரிய களிமண், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாக எடுத்துச் செல்லப்பட்ட பெருமையுடையது. கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும் அம்மண், மாரியில் நீருண்டு பசைபோலாகிச் சில்லைப் பற்றிக் கொள்ளும். கல்லிட்ட தெருவில் ஓடுவதற்கென அமைந்த வெளிநாட்டு வண்டி இச்சேற்றில் நிலைகுத்தி நின்றுவிடும். ஆகவே இந்நிலத்தில் ஓடவேண்டிய ஊர்தியை இந்நிலத்தை அறிந்தவரே திருத்தியமைக்க வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய பொருளை அப்படியே பயன்படுத்தாது வெட்டியும் கூட்டியும் மாற்றும் வழக்கத்திற்கு வறுமை மட்டுமன்றி மண்ணும் காரணமாயிற்று எனலாம்.

கொல்லனின் உலை

இப்பிரதேசத்தில் மனிதரின் வாழ்வு மிகத் தொன்மையானது. 2016ஆம், 2017ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நிகழ்ந்த அகழ்வாய்வுகள், கட்டுக்கரையில் தொடக்க வரலாற்றுக் காலக் குடியிருப்பின் சான்றுகளையும் சுடுமண் உருவங்களையும் வெளிக்கொணர்ந்தன. அருவியாற்றின் மேற்பகுதியில் உள்ள அநுராதபுரத்திலோ, கி.மு. 900 அளவிலேயே இரும்பின் பயன்பாடு தொடங்கிவிட்டது என்பதனை சிரான் தெரணியகலவின் அகழ்வாய்வுகள் காட்டின. ஆற்றின் கீழ்ப்புறத்தில் மாந்தைத் துறைமுகம் கடல் வாணிபத்திற் சிறந்து விளங்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியிற் கட்டுக்கரை அமைந்திருந்தது.

இலங்கையின் பழைய இரும்புத்தொழில் எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சமனலவாவிப் பகுதியில் ஜில் யூலெப் மேற்கொண்ட ஆய்வு தக்க சான்றாகும். அங்கு மலைச்சரிவுகளில் அமைக்கப்பட்ட உலைகள், துருத்தியின்றிப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்தன என்பதனை அவர் 1996இல் வெளிப்படுத்தினார். அத்தகைய சரிவும் காற்றும் வாய்க்காத கட்டுக்கரைச் சமவெளி உழவனுக்கு இரும்பு அரும்பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும். பாலையும் முதிரையும் வளரும் காடு அருகிருந்தமையாற் கரிக்குக் குறைவில்லை, கொல்லனும் இருந்தான். ஆகவே அன்று குறைந்து நின்றது இரும்பே.

இக்குறைவே பழைய இரும்பைப் போற்றும் பண்பை வளர்த்தது. தேய்ந்த மண்வெட்டி கத்தியாகும்; கத்தி தேய்ந்தால் உளியாகும்; வண்டிச் சில்லின் பழைய பட்டை கலப்பைக்குக் கொழுவாகும். கம்மாலையில் 'கழிவு' என்றொரு பொருள் இருந்ததில்லை. கொல்லன் இரும்பை இணைத்த முறையும் நோக்கத்தக்கது. இணைக்க வேண்டிய இரு முனைகளையும் வெண்ணிறமாகப் பழுக்கும்வரை, அதாவது ஏறத்தாழ 1,250 பாகை செல்சியஸ் வரை, உலையிற் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவான். மேற்பரப்பிற் படியும் கறையை நீக்க மணலைத் தூவுவதும் உண்டு. இவ்வாறு வளையமாக்கிய இரும்புப் பட்டையை மீண்டும் காய்ச்சி விரியச் செய்து, மரச் சில்லின்மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிரச் செய்யும்போது அது சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆணியும் பசையுமின்றிச் சில்லு உறுதிபெறும்.

இத்தொழில் குலத்தொழிலாக இருந்தமையால் இதன் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. ஊரின் உழவு முழுவதும் கொல்லனின் உலையைச் சார்ந்திருந்தபோதும், சமூகப் படிநிலையில் அவனுக்குரிய இடம் உயர்ந்ததாக இருக்கவில்லை. அறிவு ஒரு குடிக்குள் அடைபட்டு நின்றமை அவ்வமைப்பின் வலிமை போலத் தோன்றினும், அதுவே அதன் வரம்புமாயிற்று.

புதிய நெருப்பு

இம்மரபை மாற்றியமைத்த நெருப்பு ஐரோப்பாவில் தோன்றியது. 1836இல் எட்மண்ட் டேவி அசற்றலீன் வாயுவைக் கண்டறிந்தார். 1892இல் தோமஸ் வில்சன் கல்சியம் காபைட்டைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டபின், அதனை நீரோடு சேர்த்து அசற்றலீனை எளிதிற் பெற முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டில் உருவான ஊதுகுழல், ஒட்சிசனையும் அசற்றலீனையும் கலந்தெரித்து 3,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடரைத் தந்தது. மறுபுறம், பெனார்டோசும் ஒல்செவ்ஸ்கியும் 1880களில் மின்வில்லைக் கொண்டு உலோகத்தை இணைத்தனர். சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் செல்பேர்க், மேற்பூச்சிட்ட மின்கோலை ஆக்கி 1907இல் அதற்கு உரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கா கட்டிய 2,710 'லிபேட்டி' கப்பல்களில் தறையாணியின் இடத்தைக் காய்ச்சி இணைத்தல் பெரிதும் பிடித்துக்கொண்டது.

மக்கள் வழக்கில் 'வெல்டிங்' எனப்படும் இம்முறை, கொல்லனின் உலையிலிருந்து இருவகையில் வேறுபடுவது. முதலாவதாக, இரும்பை உலைக்குக் கொண்டு செல்லாது நெருப்பை இரும்பிருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்ல முடிந்தது. உலைக்குள் அடங்காத நீண்ட சட்டங்களையும் இணைக்கலாமாயிற்று. இரண்டாவதாக, இத்தொழில் எக்குலத்துக்கும் உரியதாக இருக்கவில்லை. வாகனம் திருத்தும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்த எவரும் பார்த்துப் பழகலாம். அடைபட்டிருந்த அறிவு வெளியே வந்தது. இம்மாற்றத்தின் சமூக முக்கியத்துவம் அதன் தொழில்நுட்ப முக்கியத்துவத்திற்குக் குறைந்ததன்று.

நெருப்பு வந்தது போலவே இரும்பும் வந்தது. மதவாச்சியிலிருந்து முருங்கன் வழியாகத் தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையினர் கழித்துவிட்ட ஜீப்புகளும் லொறிகளும் ஆசிய நாடுகள் பலவற்றில் மக்கள் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கப் படையின் ஜீப்பை வெட்டி நீட்டி 'ஜீப்னி' என்னும் பொது ஊர்தியாக்கியமை யாவரும் அறிந்ததே. இலங்கையில் இவ்விரும்பின் மதிப்பை உயர்த்தியது அந்நியச் செலாவணி நெருக்கடியாகும். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. புதிய வாகனம் அரிதாயிற்று. சோவியத் உதவியுடன் ஒறுவலையில் உருக்குத் தொழிற்சாலை நிறுவப்பட்டபோதும், கிராமத்து உழவனுக்குப் பழைய இரும்பே எட்டக்கூடிய இரும்பாக இருந்தது. 1950களின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பல பதிற்றாண்டுகள் வட இலங்கைத் தெருக்களில் ஓடியமைக்கு, அவற்றை மீண்டும் மீண்டும் பிரித்துப் பூட்டிய கைகளே காரணம்.

இக்காலத்திலேயே இருசில்லு உழவு இயந்திரம் வயலுக்கு வந்தது. அதனை இன்றும் மக்கள் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைப்பர். இப்பெயர் ஓர் இங்கிலாந்து நிறுவனத்தின் பெயராயினும், அவ்வியந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010) என்பது பலர் அறியாத செய்தி. பிற்காலத்தில் அவரே, தாம் இயந்திரமயமாக்கியது உழவுத்தொழிலையா அன்றி எருமையை மட்டுந்தானா என்ற வினாவிற்கு ஆளாகித் தமது ஆக்கத்தைக் கடுமையாக விமரிசித்தார். தம் கையாலேயே சிறு வானூர்திகளையும் கட்டிய அப்பொறியியலாளரின் தன்விமரிசனம் பாராட்டத்தக்கது. ஆயினும் கட்டுக்கரை போன்ற பிரதேசங்களில் அவ்வியந்திரம் எருமையின் இடத்தை மட்டுமன்றி மாட்டுவண்டிலின் இடத்தையும் பிடித்தது. அதற்குக் காரணம் அதன் பின்னாற் பூட்டப்பட்ட இழுவைப் பெட்டியாகும்.

பெட்டி ஆக்கும் கலை

ஊர்ப் பட்டறைகளில் ஆக்கப்படும் இழுவைப் பெட்டியின் அமைப்பு, பார்வைக்கு எளியது. ஆக்குவதற்கு அத்துணை எளியதன்று. பழைய கார் அல்லது வான் ஒன்றின் பின்னச்சு, அதன் சில்லுகளுடனும் தடுப்புகளுடனும் எடுக்கப்படும். கழித்த லொறியின் அடிச்சட்டமோ கோண இரும்போ பெட்டியின் சட்டமாகும். தளத்திற்குப் பலகையோ தகடோ இடப்படும். முன்னே நீளும் இழுவைத் தண்டின் முனையில் இயந்திரத்துடன் பூட்டும் கொளுக்கி அமையும். ஓட்டுபவர் அமரும் இருக்கையும் அவர் காலால் மிதிக்கும் தடுப்பும் பெட்டியின் முன்புறத்திலேயே பொருத்தப்படும்.

இதனைச் செய்பவர் முதலிற் சட்டத்தின் மூலைகளைச் சிறு பொட்டுகளாக மட்டுமே பற்றவைப்பார். பின்னர் ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை குறுக்காக அளப்பார். இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தாலன்றிச் சட்டம் சதுரமாகாது. சட்டம் கோணினால் சில்லும் கோணி ஓடி விரைவில் தேயும். காய்ச்சிய இரும்பு குளிரும்போது சுருங்கித் தன்னோடு சட்டத்தையும் இழுக்கும். ஆகையால் ஒரே பக்கமாகத் தொடர்ந்து இணைக்காது, எதிரெதிர் மூலைகளை மாறி மாறி இணைப்பார். வில்லுத் தகடு கடுமையான உருக்காகையால் அதில் நெருப்பு வைக்கலாகாது. வைத்தால் அவ்விடத்திலேயே முறியும். எனவே அதனை வளைகம்பியாலும் ஆணியாலுமே அச்சோடு கட்டுவார். இழுவைத் தண்டின் அடிப்புறத்திற் குறுக்காகப் பற்றவைத்தல் கூடாது. பாரம் ஏறும்போது அக்கோட்டிலேயே வெடிப்புத் தோன்றும். நாகம் பூசிய குழாயைக் காய்ச்சும்போது எழும் புகை காய்ச்சலைத் தரும். வெறுங்கண்ணால் மின்வில்லை நோக்கினால் இரவில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் வலிக்கும். இவையாவும் பொறியியல் நூல்களில் எழுதப்பட்டுள்ளவையே. ஆயின் பட்டறையில் இவை நூலிலிருந்து கற்கப்படுவதில்லை. முறிந்த தண்டும், கவிழ்ந்த பெட்டியும், வலித்த கண்ணுமே அங்கு ஆசிரியர்கள்.

சேற்றுக்கென ஆக்கப்பட்ட கூட்டுச் சில்லும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. இரும்புப் பட்டைகளையும் கோண இரும்பையும் வளையங்களோடு குறுக்காக இணைத்துக் கூடுபோல் அமைக்கப்படும் இச்சில்லு, இயந்திரத்தின் பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்து களிமண்ணில் அமிழாது காக்கின்றது. வண்டிச் சில்லுக்கு வளையம் காய்ச்சிய பழைய கம்மாலையின் அறிவு புதிய நெருப்போடு கலந்த இடமாக இதனைக் கொள்ளலாம்.

நெருப்பு இல்லாத காலம்

1990 யூனில் மீண்டும் மூண்ட போர் இவ்வொழுங்கை முற்றாகக் குலைத்தது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை செயலிழந்தது. மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைத்த பாலமும் தகர்க்கப்பட்டது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதிகளுக்கு எரிபொருள், சீமெந்து, இரும்பு, மின்கலம் முதலியவற்றைக் கொண்டு செல்வது தடைசெய்யப்பட்டது, மின்சாரமும் அற்றுப்போயிற்று. வாகனங்கள் சிறிது பெற்றோலை ஊற்றி முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியின் மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது.

இக்காலத்தை 'கண்டுபிடிப்புகளின் காலம்' எனப் போற்றுவோர் ஒன்றைக் கருதுவதில்லை. அழிந்த வாகனங்களும் பெயர்க்கப்பட்ட தண்டவாளங்களுமாக இரும்பு முன்னெப்போதையும்விட மலிந்து கிடந்தது. கையும் இருந்தது. இல்லாதது நெருப்பு. மின்வில்லுக்கு மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். ஒரு பெட்டியைக் காய்ச்சி இணைக்கும் எரிபொருளால் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம் என்ற நிலையில், எதனை இணைப்பது என்பது தொழில்நுட்ப வினாவாக மட்டும் இருக்கவில்லை; அறவினாவாகவும் இருந்தது. கிடைத்த இரும்பும் உழவுக்கு மட்டும் செல்லவில்லை. வடக்குப் பாதையின் தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 1991 யூலையில் ஆனையிறவுச் சமரில் புலிகள் பயன்படுத்திய, இரும்புத் தகடுகளாற் கவசமிடப்பட்ட மண்தள்ளி இயந்திரம் அங்கேயே அழிக்கப்பட்டு, இன்று அவ்விடத்திற் காட்சிப்பொருளாக நிற்கின்றது. பெட்டியை இணைக்கும் நெருப்பே கவசத்தையும் இணைக்கும். கைவினையைப் போற்றும் வரலாறு, அக்கைவினை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதனையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

கையின் இழப்பும் அக்காலத்திலேயே நேர்ந்தது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இரும்புச் சாமான் வணிகத்திலும், பழைய இரும்பு வணிகத்திலும், லொறித் தொழிலிலும் ஈடுபட்டிருந்தோர் அவர்களுட் பலராவர். எந்த வாகனத்தின் அச்சு எதற்குப் பொருந்தும், எங்கே அது கிடைக்கும் என்னும் அறிவும் அவர்களோடு வெளியேறியது. ஒரு சமூகத்தை வேருடன் பெயர்க்கும்போது இழக்கப்படுவது மக்கள்தொகை மட்டுமன்று.

2007இன் பிற்பகுதி முதல் 2008 வரை போர் கட்டுக்கரைப் பிரதேசத்தையே களமாக்கியது. 2008 மே மாதம் அடம்பனும், யூன் இறுதியளவில் நெற்களஞ்சியப் பகுதி முழுவதும் அரச படைகளின் வசமாயின. மக்கள் வடக்கும் கிழக்குமாக வன்னியின் உட்பகுதிக்குப் பெயர்ந்தனர். நெல் ஏற்றுவதற்கென ஆக்கப்பட்ட இழுவைப் பெட்டிகளில் முதியோரும் குழந்தைகளும் ஏற்றப்பட்டனர். கூரைத் தகடுகளும் கதவுகளும் கழற்றி அடுக்கப்பட்டன. தறப்பாளை மேலே இழுத்துக் கட்டியபோது பெட்டியே வீடாயிற்று. காயமடைந்தோரைச் சுமந்தபோது அதுவே நோயாளர் வண்டியாயிற்று. பழைய அச்சொன்றின்மேல் ஊர்ப் பட்டறையில் எழுந்த இணைப்புகள், எவரும் கணக்கிட்டுப் பாராத பாரத்தை மாதக்கணக்கிற் சுமந்தன. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, எரிந்தும் சிதைந்தும் கைவிடப்பட்ட ஊர்திகளின் நடுவே அப்பெட்டிகளும் கிடந்தன.

போருக்குப் பின்

மெனிக்பாம் முதலிய முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக மீளக் குடியமர்ந்தனர். 2010இல் மன்னாருக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் புகையிரதம் ஓடியது. மின்சாரம் வந்தது. ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மின்னிணைப்புக் கருவிகளும் சந்தைக்கு வந்தன. இரும்போ எங்கும் சிதறிக் கிடந்தது. மீளக் குடியமர்ந்து வருமானமற்றிருந்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய இரும்பைப் பொறுக்கி நிறுத்து விற்பதே முதல் வருவாயாயிற்று. அவ்விரும்பினுள் வெடிக்காத குண்டுகளும் இருந்தன. ஹலோ டிரஸ்ற், மாக் முதலிய கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் பணியாற்றிய அதே நிலத்தில், இரும்பு பொறுக்கியோர் உயிரும் உறுப்பும் இழந்தனர். இரும்பின் வரலாற்றில் இத்துணை விலை கொடுத்துப் பெறப்பட்ட இரும்பு வேறில்லை எனலாம்.

இரும்பும் நெருப்பும் ஒருங்கே கிடைத்த இக்காலத்திற் குறையத் தொடங்கியது கை. அனுபவம் மிக்கோர் பலர் போரில் இறந்தனர், பலர் புலம்பெயர்ந்தனர். காய்ச்சி இணைக்கத் தெரிந்தோர்க்கு மத்திய கிழக்கு நாடுகளிற் கிடைக்கும் ஊதியம் ஊர்ப் பட்டறையிற் கிடைப்பதில்லை. 'பட்டா' எனப்படும் சிறு லொறிகள் தவணைக் கட்டணத்திற் கிடைத்தமையால் இழுவைப் பெட்டியின் தேவையும் சுருங்கியது. ஆயினும் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடையில் 2022இன் எரிபொருட் பஞ்சமும் நேர்ந்தது. 1960களின் நிலைமை அறுபதாண்டுகளின் பின் வேறு வடிவில் திரும்பியது. பழைய ஊர்தியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை தேவையற்றது என எண்ணியோர்க்கு இது தக்க விடையாக அமைந்தது.

மதிப்பீடு

இவ்வாக்கங்களை இருவேறு தவறான கோணங்களில் நோக்கும் போக்குக் காணப்படுகின்றது. இவற்றை வியந்து போற்றுவதோடு நின்றுவிடுவது ஒன்று. சட்டவிரோதப் பொருள்களாக மட்டும் காண்பது மற்றொன்று. இரண்டும் ஆக்கியவரை மறந்துவிடுகின்றன.

விளக்கின்றி இரவில் நெடுஞ்சாலையிற் செல்லும் இழுவைப் பெட்டி, பின்னால் வரும் துவிச்சக்கர வண்டிக்காரரின் உயிருக்கு ஆபத்தாவது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இழுவைப் பெட்டியையும் தன் ஆட்சிக்குள் அடக்குவது இக்காரணம் பற்றியே. வட இந்தியாவில் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டி ஓட்டப்படும் 'ஜுகாட்' வண்டிகளும் மோட்டார் வாகனங்களே என்றும், சட்டத்திற்கு உட்பட்டவையே என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பை வலியுறுத்தும் சட்டத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயின் தடுப்பதோடு மட்டும் அமையும் சட்டம், தொழிலை மறைவிடத்திற்குத் தள்ளுமேயன்றித் திருத்தாது. எங்கு எவ்வாறு இணைத்தால் முறியாது என்று காட்டுவதும், ஒளிதெறிக்கும் தகடும் தடுப்பும் இன்றிப் பெட்டி வெளியேறாதவாறு பார்ப்பதும், தடைவிதித்தலினும் பயன் மிக்கவை. இதற்கான வழி நாட்டில் இல்லாமலில்லை. தேசிய தொழில் தகைமை முறையின்கீழ், பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் தாம் முன்பே கற்ற தொழிலைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். ஊர்ப் பட்டறைகளின் கைகள் இவ்வாறு அங்கீகரிக்கப்படின், அவை ஊரிலேயே நிலைக்கவும் கூடும்.

வரலாற்று மாணவருக்கும் இங்கு ஒரு கடமையுண்டு. ஆவணம் என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலையையும் நாடுவது நம் கல்விமரபு. பழைய இழுவைப் பெட்டி ஒன்றும் ஆவணமே. அதன் அச்சு, இறக்குமதி தளர்ந்திருந்த ஒரு காலத்தைக் கூறும். பலமுறை ஒட்டுப்போட்ட சட்டம், இறக்குமதி அற்றுப்போன காலத்தைக் கூறும். காய்ச்சி இணைக்க வேண்டிய இடத்தில் ஆணி இறுக்கப்பட்டிருப்பின், நெருப்பு இல்லாதிருந்த ஆண்டுகளை நினைவூட்டும். அதனை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதனை ஆக்கியவர்களே. அவர்களுள் மூத்தோர் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றனர். தாதுசேனன் காலத்துக் கரையின் உயரத்தை அளந்து எழுதிய வரலாறு, அக்கரையின் கீழ் விளைந்த நெல்லைச் சுமந்தவற்றை ஆக்கியோரின் வாய்மொழியையும், அவர்கள் வாழும்போதே, பதிவு செய்தல் வேண்டும். தண்டவாளமும் பாலமும் மீண்டும் கட்டப்பட்டன; சிதறிய இரும்பும் திரட்டப்பட்டது. மறைந்த கையின் அறிவை அவ்வாறு மீளத் திரட்டுதல் இயலாது.